சிவப்பு எழுத்தைக் கண்டு பயப்படும் பிள்ளைகள்



கணினியைப் பற்றி எழுத ஒரு மௌலவி எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக் கூடும். நான் எழுத வந்தது கணினியைப் பற்றி என்பதை விட, அதைப் படிக்கப் போன எமது பெண் பிள்ளைகள் முதல் தவணையிலேயே அதைக் கைவிட்டு வருவதைப் பற்றி என்று சொன்னால் பொருந்தும். உயர்தரத்தில் ஐ.சி.டி. பாடத்தை எடுக்கும் மாணவி 'பைதன்' என்ற கணினி மொழியைப் படித்தே ஆக வேண்டும். அந்த இடத்திற்கு வந்ததும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுக்கி விழுகிறார்கள். காரணம் கேட்டால் "எனக்கு மூள காணா", "இங்கிலீஷ் ஏலா", "இது ஆம்பிளப் பிள்ளைகள்ட பாடம்" என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும். மூன்றும் சரியான காரணம் அல்ல என்பதே எனது அபிப்பிராயம்.

நான் அரபுக் கல்லூரியில் நஹ்வும் ஸர்ஃபும் படித்துக் கொடுப்பவன். என் மூத்த மகள் இந்தப் பாடத்தைத் தெரிவு செய்த போது, இஷாவுக்குப் பின் அவளருகில் அமர்ந்து அவளுடைய பாடநூலை நானும் வாசிக்கத் தொடங்கினேன். பின்னர், ஓதிக் கொண்டே உயர்தரமும் படிக்கும் எங்கள் மாணவிகள் சிலரும் சந்தேகம் கேட்டு வந்தார்கள். அவர்கள் எல்லோரும் தடுக்கிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

முதலில், செய்நிரல் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். வட்டிலப்பம் செய்யும் விதத்தை ஒரு தாய் மகளுக்குச் சொல்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் எடு, கித்துள் கருப்பட்டியைக் கரைத்து வடி, முட்டையை அடித்துச் சேர், ஏலக்காய் கொஞ்சம் போடு, ஆவியில் வை. இவ்வளவும் போதும், மகளுக்கு விளங்கி விடும். முட்டையின் ஓட்டை உடைத்த பிறகே அடிக்க வேண்டும் என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. கணினிக்கு அதையும் சொல்ல வேண்டும். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி செய்யும், நினைத்ததைச் செய்யாது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைக்கும் கட்டளைகளின் தொகுப்புக்கே செய்நிரல் என்று பெயர். பிள்ளைகள் படும் பாட்டில் பெரும் பகுதி கணினியின் இந்த ஒரு குணத்திலிருந்து வருவது தான்.

பைதன் என்றதும் மலைப்பாம்பு ஞாபகத்திற்கு வரத் தேவையில்லை. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் என்பவர் 1989 டிசம்பர் விடுமுறையில் இதை உருவாக்கத் தொடங்கி, 1991 பெப்ரவரியில் வெளியிட்டார். பிரித்தானியத் தொலைக்காட்சியில் பிரபலமாக இருந்த 'மான்டி பைதன்' என்ற நகைச்சுவைக் குழுவின் பெயரை இதற்கு வைத்தார். எழுதியதை இன்னொருவர் இலகுவாக வாசிக்க முடிய வேண்டும் என்பது அவர் முக்கியமாகக் கருதிய விடயம். யாரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தலாம்.

ஆங்கிலம் தெரியாது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பைதனுக்கென்று ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தமே 35 தான். தொடக்கத்தில் இஃப், எல்ஸ், ஃபோர், வைல், டெஃப், ரிட்டர்ன் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு போதும். இன்னவும் அதன் சகோதரிகளும், கானவும் அதன் சகோதரிகளும் என்று வரிசை வரிசையாக மனனம் செய்த பிள்ளைகளுக்கு இது ஒரு சுமையா? மேலும், ஒரு தொகையையோ பெயரையோ சேமித்து வைக்கும் 'மாறி'க்கு நாமாகவே ஒரு பெயர் சூட்டுகிறோம் அல்லவா, அந்தப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். 2008 இல் வந்த பைதன் மூன்றாம் பதிப்பு முதல் அது ஏற்றுக் கொள்ளும். பரீட்சைக்கு ஆங்கில எழுத்தில் எழுதுவது தான் வழக்கம். என்றாலும் வீட்டில் பழகும் போது 'தொகை', 'நிஸாப்' என்று தமிழில் எழுதிய பிள்ளைகளின் முகத்தில் ஒரு தெளிவு வருவதை நான் அவதானித்திருக்கிறேன்.

இனி விடயத்திற்கு வருகிறேன். முதல் தவணை முடிய இரண்டு வாரம் இருந்த போது என் மகள் வந்து நின்றாள்.

"வாப்பா, எனக்கு இது ஏலா. நான் வேற பாடம் மாத்தப் போறன்."

"ஏன் மகள்?"

"எத எழுதினாலும் சிவப்புச் சிவப்பா வருது."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"தெரியா. வாசிக்கல்ல."

வாசிக்கவில்லை! அதன் பிறகு எத்தனையோ பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலைப் பெற்று விட்டேன். செய்நிரலில் ஒரு வழு இருந்தால் கணினி அதைத் திரையில் சிவப்பு எழுத்தில் காட்டும். எமது பிள்ளைகளுக்குச் சிவப்பு என்றால் ஆசிரியரின் பேனை. சிவப்பு விழுந்த கொப்பியை உடனே மூடி வைப்பது அவர்கள் சிறு வயதிலிருந்து பழகிய பழக்கம். அதனால் திரையில் சிவப்பு வந்ததும் கண் அதை விட்டு விலகி விடுகிறது. வாசிக்காமலே அழித்து விட்டு மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்கிறார்கள். மீண்டும் அதே வழு, மீண்டும் அதே சிவப்பு. மூன்றாம் முறை மடிக்கணினியை மூடி விட்டு "ஏலா" என்கிறார்கள்.

அந்தச் சிவப்பு எழுத்து புள்ளி போடுவதற்கு வந்தது அல்ல. எந்த வரியில், என்ன விதமாகப் பிழைத்தது என்று சொல்ல வந்த செய்தி. அதை வாசிக்கவும் ஒரு முறை உண்டு. மேலிருந்து வாசித்தால் தலை சுற்றும். கடைசி வரியிலிருந்து தொடங்க வேண்டும். கடைசி வரியில் வழுவின் வகையும் காரணமும் இருக்கும். அதற்குச் சற்று மேலே வரி இலக்கம் இருக்கும். 'நேம் எரர்' என்றால், நீ சொல்லும் இந்தப் பெயரை நான் அறியேன் என்று அர்த்தம். பெரும்பாலும் ஓரெழுத்துப் பிழையாகவோ, ஆங்கிலத்தில் சின்ன எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்தை இட்டதாகவோ இருக்கும். பிரின்ட் என்ற கட்டளையின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினாலும் பைதனுக்கு அது அறிமுகமில்லாத வேறொரு பெயர் தான். 'சின்டாக்ஸ் எரர்' என்றால் வாக்கிய அமைப்பே பிழை; முக்காற்புள்ளி விடுபட்டிருக்கும், அல்லது திறந்த அடைப்புக்குறி மூடப்படாமல் இருக்கும். 'டைப் எரர்' என்றால் சேராத இரண்டைச் சேர்க்கப் பார்த்திருக்கிறாய்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அடைப்புக்குறியை மூட மறந்தால் பைதனின் பழைய பதிப்புகள் அடுத்த வரியைத் தான் குற்றம் சொல்லும். பிள்ளை அந்த வரியைப் பத்து முறை பார்ப்பாள், அதில் ஒரு பிழையும் இராது. 2021 ஒக்டோபரில் வந்த 3.10 பதிப்பு முதல், மூடப்படாத அடைப்புக்குறி இதோ என்று அதையே சுட்டிக் காட்டுகிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள், காட்டிய வரி சரியாக இருந்தால் அதற்கு முந்திய வரியையும் பார்க்கப் பழக வேண்டும்.

நானும் மகளும் ஒரு கொப்பி வைத்தோம். வந்த ஒவ்வொரு சிவப்பு வரியையும் அவள் எழுதி, கீழே தமிழில் அர்த்தத்தையும் எழுதினாள். மூன்று வாரத்தில் புதிதாக எழுத ஒன்றும் இல்லாமற் போய் விட்டது. ஆறேழு வகை தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாடம் மாற்றும் பேச்சும் அத்துடன் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது இரண்டாம் வருடத்தில் அதையே படிக்கிறாள்.

திக்கித் திக்கிச் சிரமத்துடன் குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலி என்பது எமது பெண்கள் அனைவரும் அறிந்த நபிமொழி. அது குர்ஆனுக்கு உரிய சிறப்பு. அதைக் கணினிப் பாடத்தோடு கொண்டு வந்து ஒட்ட நான் துணிய மாட்டேன். ஆனால் திக்குவதைக் கேவலமாக நினைக்காத ஒரு வீட்டுச் சூழல் எமக்கு இருக்கிறதே, அதை இந்தப் பாடத்திற்கு மட்டும் ஏன் மறுக்கிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது.

தஜ்வீதில் பிழைகளை லஹ்ன் ஜலி, லஹ்ன் கஃபி என்று இரண்டாகப் பிரிப்போம். வெளிப்படையாகத் தெரிவது ஜலி. தேர்ந்தவருக்கு மட்டும் தெரியும் மறைவானது கஃபி. செய்நிரலிலும் இந்த இரண்டும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். ஓதலில் ஜலி தான் பாரதூரமானது. இங்கே ஜலியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, கணினியே சிவப்பில் காட்டிக் கொடுத்து விடும். கஃபி தான் ஆளைக் கவிழ்க்கும். சிவப்பு வராது, செய்நிரல் அழகாக ஓடும், விடை மட்டும் பிழையாக வரும்.

ஸகாத் கணக்கிட ஒரு மாணவி எழுதியதைப் பாருங்கள். ஆங்கிலக் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

இஃப் தொகை >= நிஸாப்:
    ஸகாத் = தொகை / 40
பிரின்ட்("உங்கள் மீது ஸகாத் கடமை")

முதல் வரி, தொகை நிஸாபை அடைந்திருந்தால் என்கிறது. இரண்டாம் வரி நாற்பதில் ஒன்றைக் கணக்கிடுகிறது. இரண்டாம் வரி சற்று உள்ளே தள்ளி எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பைதனில் இப்படி உள்ளே தள்ளுவது அழகுக்கு அல்ல. இந்த வரி மேலுள்ள நிபந்தனைக்கு உட்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வழக்கமாக நான்கு இடைவெளி விடுவார்கள். மூன்றாம் வரியை அந்த மாணவி உள்ளே தள்ளவில்லை. அதனால் அது நிபந்தனைக்கு வெளியே போய் விட்டது. கையில் ஐந்நூறு ரூபா மட்டும் உள்ள ஏழை விதவைக்கும் "உங்கள் மீது ஸகாத் கடமை" என்று அந்தச் செய்நிரல் தீர்ப்பளித்தது!

"இந்த ஃபத்வாவை யாரிடம் எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த மாணவியும் சிரித்து விட்டு, நான்கு இடைவெளி விட்டாள். ஓதும் போது எங்கே நிறுத்துகிறோம் என்பதால் அர்த்தம் மாறி விடும் என்று வக்ஃபுடைய பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். அதைப் படித்த பிள்ளைக்கு, ஓர் இடைவெளியால் சட்டமே மாறும் என்பது புதிய செய்தி அல்ல. உள்ளே தள்ளுவதற்குச் சிலர் ஒரு வரியில் இடைவெளியையும் அடுத்த வரியில் 'டாப்' விசையையும் பயன்படுத்துவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போல் தெரியும், பைதனுக்கு ஒன்றல்ல. ஒன்றையே பிடித்துக் கொள்ள வேண்டும்.

அடுத்த தடுக்கல், எண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு. இதில் விழாத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. கையில் உள்ள பணம் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு என்று கேட்டு இரண்டையும் கூட்டிச் சொல்லும் ஒரு செய்நிரலை என் மகள் எழுதினாள். தன் உம்மாவை அழைத்துப் பரீட்சித்துப் பார்த்தாள். அவர் 50000 என்றும் 75000 என்றும் கொடுத்தார். ஓர் இலட்சத்து இருபத்தையாயிரம் வர வேண்டும். திரையில் வந்தது 5000075000. ஐந்நூறு கோடிக்கும் மேல்! "அப்ப எனக்கு ஹஜ்ஜும் கடமையாகிட்டு போல" என்று சொல்லிக் கொண்டே அவர் குசினிக்குப் போனார்.

நடந்தது என்னவென்றால், விசைப்பலகையில் நாம் தட்டுவதை 'இன்புட்' கட்டளை எப்போதும் எழுத்தாகவே எடுத்துக் கொள்கிறது. 50000 என்பது அதற்கு ஒரு தொகை அல்ல, ஐந்து எழுத்துகள். எழுத்தோடு எழுத்தைக் கூட்டு என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கும். எண்ணாக மாற்று என்று நாம் தான் சொல்ல வேண்டும். அதற்கு 'இன்ட்' என்ற கட்டளை இருக்கிறது. எழுத்தைப் பெருக்கச் சொன்னாலும் இதே கதை தான்: "5" என்ற எழுத்தை இரண்டால் பெருக்கினால் 10 வராது, 55 வரும். நாற்பதால் வகுக்கச் சொன்னால் தான் சிவப்பு எழுத்தில் டைப் எரர் வரும். வந்தால் நல்லது, உடனே தெரிந்து விடுகிறதே.

கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் வேறோர் இடத்தில் தடுக்குகிறார்கள். 'சேமிப்பு = சேமிப்பு + 100' என்ற வரியைப் பார்த்ததும், இது எப்படிச் சமனாகும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. சமன்குறி பைதனில் சமன் என்று அறிவிக்கவில்லை, கட்டளை இடுகிறது. வலப்பக்கத்தைக் கணித்து, வந்த விடையை இடப்பக்கத்துப் பெயரில் வை என்கிறது. எங்கள் மாணவிகளுக்கு நான் நஹ்வின் மொழியிலேயே சொன்னேன்: ஒற்றைச் சமன்குறி அம்ர், இரட்டைச் சமன்குறி இஸ்திஃப்ஹாம். ஒன்று ஏவல், மற்றது வினா. இரண்டும் சமமா என்று கேட்க வேண்டுமானால் இரண்டு குறிகளைச் சேர்த்துப் போட வேண்டும். 'இஃப்'புக்குப் பின்னால் கேள்வி தான் வர வேண்டும். அங்கே ஒற்றைக் குறியைப் போட்டால் சிவப்பு வரும். ஆனால் வைக்க வேண்டிய இடத்தில் இரட்டைக் குறியைப் போட்டாலோ, பைதன் கேள்வியைக் கேட்டு விட்டு விடையை எவருக்கும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய் விடும். சேமிப்பு ஒரு சதமும் கூடாது. இதுவும் கஃபி தான்.

எண்ணத் தொடங்கும் இடமும் குழப்பமானது. பைதன் பூச்சியத்திலிருந்து எண்ணும். பட்டியலில் முதலில் இருப்பது பூச்சியமாவது. இரண்டாவது இருப்பது ஒன்றாவது. இதில் விநோதம் எதுவும் இல்லை. பிறந்த குழந்தை தன் முதலாம் ஆண்டில் தான் இருக்கிறது, வயது மட்டும் பூச்சியம். முதலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்பதையே பைதன் எண்ணுகிறது. அதே போல 'ரேஞ்ச்' என்ற கட்டளைக்கு 1, 114 என்று கொடுத்தால் 113 உடன் நின்று விடும். கடைசி எண்ணைச் சேர்த்துக் கொள்ளாது. குர்ஆனின் அத்தியாயங்களுக்கு இலக்கமிட இப்படி எழுதிய ஒரு மாணவி, ஸூரத்துந் நாஸைக் காணோமே என்று தேடிக் கொண்டிருந்தாள். 115 என்று கொடுத்ததும் வந்து விட்டது.

இன்னும் சில உண்டு, சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ஒரு பட்டியலை இன்னொரு பெயருக்குச் சமன் என்று கொடுத்தால் இரண்டாவது பட்டியல் உருவாகாது, அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர் தான் கிடைக்கும். ஆயிஷா (ரலி) அவர்களுக்கு உம்மு அப்துல்லாஹ் என்ற குன்யத்தும் இருந்தது. பெயர் இரண்டு, ஆள் ஒருவர். நோன்புச் சாமான் பட்டியலைப் பெருநாள் பட்டியல் என்று பெயரிட்டு, அதிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து விட்டால் நோன்புப் பட்டியலிலும் அது இராது. தனிப் பிரதி வேண்டுமானால் 'கொப்பி' என்று கேட்டுப் பெற வேண்டும். பிறகு, பிரின்ட்டும் ரிட்டர்னும் ஒன்றல்ல. கடைக்கு அனுப்பிய பிள்ளை படலையில் நின்று "சீனி இருக்கு" என்று கத்துவது பிரின்ட். சீனியைக் கொண்டு வந்து கையில் தருவது ரிட்டர்ன். அப்புறம், கைத்தொலைபேசியில் தட்டச்சு செய்து வட்ஸ்அப்பில் அனுப்பும் செய்நிரல்களில் நேரான மேற்கோள் குறி சில வேளை வளைந்த குறியாக மாறி விடுகிறது. பைதன் வளைந்ததை ஏற்காது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு வந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

தசமத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். பைதனிடம் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும். கணினி பழுது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் போனால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறது அல்லவா? பூச்சியம், ஒன்று என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து எழுதும் கணினிக்குப் பத்தில் ஒன்றும் அப்படித் தான் முடிவில்லாமல் போகிறது. ஓரிடத்தில் வெட்டித் தான் ஆக வேண்டும். அந்தத் துண்டு தான் கடைசியில் 4 ஆக எட்டிப் பார்க்கிறது.

ஃபராயிழ் எனும் வாரிசுரிமைக் கணக்கில் இது பொருட்படுத்த வேண்டிய விடயம். ஒருவர் மனைவி, தாய், தந்தை, பிள்ளைகள் ஆகியோரை விட்டு இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று. மூன்றையும் கூட்டினால் 24 இல் 11. ஆண் பிள்ளையும் இருந்தால் மீதி 13 பங்கு பிள்ளைகளுக்கு. பைதனில் 'ஃபிராக்ஷன்' என்ற வசதி இருக்கிறது. அதில் எட்டில் ஒன்றை எட்டில் ஒன்றாகவே வைத்திருக்கலாம், 11/24 என்று துல்லியமாகவே விடை வரும். எங்கள் இறுதி வருட மாணவிகள் இருவர் இதை எழுதி முடித்த போது, அல் குவாரிஸ்மி அவர்களைப் பற்றிச் சொன்னேன். கலீஃபா மஃமூனுடைய காலத்தில் பக்தாத் நகரில் வாழ்ந்தவர். ஏறத்தாழ 820 ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய அல்ஜப்ர் நூலின் கடைசிப் பகுதி முழுவதும் வாரிசுரிமை, வஸிய்யத் கணக்குகள் தான். கணினிக்காரர்கள் இன்று சொல்லும் 'அல்கோரிதம்' என்ற சொல் அவருடைய பெயரிலிருந்து வந்தது. இது ஆண் பிள்ளைகளின் பாடம், பிறத்தியாரின் பாடம் என்று சொன்ன அந்த இரு மாணவிகளும் அன்று ஒன்றும் பேசவில்லை.

படிக்கும் முறையைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சில பிரத்தியேக வகுப்புகளில் கடந்த கால வினாத்தாள்களின் விடைகளை அப்படியே மனனம் செய்ய வைக்கிறார்கள். குர்ஆனை மனனம் செய்வது வணக்கம். செய்நிரலை மனனம் செய்வதில் என்ன பயன்? ஓர் எண் மாறினாலும் பிள்ளை திகைத்து நிற்கிறாள். யூடியூபில் ஒரு மணி நேரம் பார்த்து விட்டு விளங்கியது என்று எழும்புவதும் அப்படித் தான். காரி ஓதுவதைக் கேட்டுக் கொண்டிருந்தால் எமக்கு ஓத வந்து விடுமா? 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு கேட்டதை எழுதித் தரவும் ஆள் கிடைத்து விட்டது. சிவப்பு வரிக்கு அர்த்தம் கேட்க அதைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. தானாக எழுதிப் பார்க்கும் முன்னரே அதனிடம் கேட்பது, தன் ஸபக்கை இன்னொருவரை ஓதச் சொல்லி விட்டுப் பக்கத்தில் அமர்ந்திருப்பது போன்றது.

மடிக்கணினி இல்லையே என்ற கவலை பல வீடுகளில் இருக்கிறது. 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு அது சாதாரணக் குடும்பத்திற்கு எட்டாத விலையாகி விட்டது. கைத்தொலைபேசியிலும் பைதன் ஓடும், செயலிகள் இருக்கின்றன. ஆனால் சின்னத் திரையில் உள்தள்ளலைக் கவனிப்பது கஷ்டம். முதலில் கொப்பியில் பென்சிலால் எழுதி, இடைவெளிகளையும் கட்டம் கட்டமாகக் குறித்து விட்டு, பிறகு தொலைபேசியில் தட்டச்சு செய்யும் பிள்ளைகளுக்குச் சிவப்பு குறைவாக வருவதைக் கண்டிருக்கிறேன்.

கணினியே தெரியாத தாய் என்ன செய்யலாம்? பக்கத்தில் இருந்து கேட்கலாம். செய்நிரலாளர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. வழு பிடிபடாத போது மேசையில் ஒரு றப்பர் வாத்துப் பொம்மையை வைத்து, தான் எழுதியதை வரி வரியாக அதற்கு விளக்குவார்கள். விளக்கும் போதே பிழை தட்டுப்பட்டு விடும். பிள்ளைகளின் ஹிஃப்ழுப் பாடத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய எமது தாய்மார் பொம்மையை விட நல்ல கேட்பவர்கள். எங்கள் ஒழுங்கையில் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு ராத்தா இருக்கிறார். அவருடைய மகளும் உயர்தர மாணவி. "சுப்ஹானல்லாஹ்" என்று 33 தடவை திரையில் அச்சிட ஒரு செய்நிரல் எழுதியிருந்தாள். ஓட விட்டால் நிற்காமல் ஓடிக் கொண்டே இருக்கிறது. என்னிடம் வந்தாள். "உங்கட உம்மாவுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டிட்டு வாங்க மகள்" என்று அனுப்பி விட்டேன். அடுத்த நாள் வந்து நடந்ததைச் சொன்னாள்.

"எண்ணிக்கை பூச்சியம்" என்று முதல் வரியை வாசித்திருக்கிறாள். "எண்ணிக்கை முப்பத்து மூன்றை விடக் குறைவா இருக்கிற வரைக்கும், சுப்ஹானல்லாஹ் என்று அச்சிடு."

"பொறகு?" என்று கேட்டிருக்கிறார் ராத்தா.

"பொறகு ஒண்டுமில்ல உம்மா, அவ்வளவு தான். திரும்ப மேல போகும்."

ராத்தா கையிலிருந்த தஸ்பீஹைக் காட்டி, "அப்ப மணிய உருட்டல்லியா?" என்றாராம்.

அவள் எழும்பிப் போய், விடுபட்ட அந்த வரியை எழுதியிருக்கிறாள்: எண்ணிக்கை = எண்ணிக்கை + 1.